மருந்துச்சீட்டும் வாக்குச்சீட்டும்: டொக்டர் மேரி ரட்ணம்

இலங்கைப் பெண்களின் வாக்குரிமை என்று பேச்செடுத்தால் எங்கட ஆக்கள் 1931ஆம் ஆண்டைச் சொல்லிப் பெருமைப்படுவார்கள். அந்த வாக்குச்சீட்டுக்குப் பின்னால் நின்றவர்களில் ஒரு வைத்தியரும் இருந்தார் என்று சொல்பவர்கள் குறைவு. அவரைப் பற்றித் தமிழில் எனக்கு வாசிக்கக் கிடைத்தது சொற்பம். இத்தனைக்கும் அவர் ஒரு தமிழரின் மனைவி.

மேரி ஹெலன் அர்வின் 1873இல் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் பிறந்தவர். டொரொண்டோவில் மருத்துவம் படித்துப் பட்டம் பெற்றவரை, யாழ்ப்பாணத்துப் பெண்களுக்கு வைத்தியம் செய்யவென்று அமெரிக்க மிஷன் 1896இல் அனுப்பிவைத்தது. அதற்குள் அவர் எஸ்.சி.கே. ரட்ணம் என்ற தமிழ்க் கிறிஸ்தவரை மணந்துகொண்டார். சுதேசியை மணந்த வெள்ளைக்காரி மிஷனுக்கு வேண்டாதவரானார். ஒரே வேதத்தை ஓதியவர்கள்தாம். ஆனாலும் தோலின் நிறம் குறுக்கே வந்து நின்றது. அன்று அவரை ஏற்றிருந்தால் யாழ்ப்பாணத்துக்கு ஒரு நல்ல வைத்தியர் கிடைத்திருப்பார், அவ்வளவுதான் என்று எனக்குப் படுகிறது. மறுத்தபடியால் கொழும்பு வந்தார். லேடி ஹவ்லொக் மகளிர் ஆஸ்பத்திரியில் சிறிது காலம் வேலை பார்த்துவிட்டுத் தனியாக வைத்தியம் செய்யத் தொடங்கினார்.

அந்தக் காலத்தில் லேடி டொக்டர் என்றால் என்னவென்று எங்கட சமூகத்துக்கு விளக்கத் தேவையில்லை. அந்நிய ஆணின் கை படக்கூடாதென்று நோயை மறைத்து வைத்திருந்த உம்மும்மாமார் கதை இல்லாத முஸ்லிம் வீடு எது? வெட்கத்தால் சொல்லாத நோய் முற்றிப்போகும். பிறகு விதி என்பார்கள். மேரி ரட்ணத்தின் வேலை இந்த இடத்தில்தான் மற்ற வைத்தியர்களின் வேலையிலிருந்து பிரிகிறது. மருந்து எழுதிக் கொடுத்ததோடு அவர் நிற்கவில்லை. பாடசாலைப் பிள்ளைகளுக்குச் சுகாதார நூல் எழுதினார். பத்திரிகையிலும் எழுதினார். தன் உடம்பைப் பற்றித் தெரியாத பெண்ணுக்கு எந்த மருந்தும் அரைகுறைதான் என்ற எண்ணம் இதிலெல்லாம் தெரிகிறது.

குடும்பக் கட்டுப்பாட்டை அவர் வெளிப்படையாக ஆதரித்தபோது எதிர்ப்புக் கிளம்பியது. இன்றும் அந்தச் சொல்லைக் கேட்டால் சிலருக்கு முகம் சுருங்கும். அஸ்ல் பற்றி இமாம் கஸ்ஸாலி தமது இஹ்யாவிலேயே பேசி, அதைக் கூடுமென்று சொல்லியிருப்பதை அவர்கள் ஒருக்கால் புரட்டிப் பார்க்கலாம்.

1909இல் தமிழ் மாதர் சங்கத்தைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். 1930இல் அவர் உருவாக்கிய லங்கா மகிளா சமிதி கிராமங்களுக்குள் போனது. கனடாவில் விவசாயக் குடும்பப் பெண்கள் கூடி நடத்திய சங்கங்களே அதற்கு முன்மாதிரி. சுகாதாரம், சமையல், தோட்டம், கைத்தொழில் என்று சாதாரணமாகத் தெரிகின்ற வேலைகள்தாம். ஆனால் குடும்பத்துக்கு வெளியே பெண்கள் தாங்களே கூடிப் பேசித் தீர்மானம் எடுப்பதென்பது பல கிராமங்களுக்குப் புதுசு.

வாக்குரிமைக் கதையும் இதோடு சேர்ந்தது. 1927இல் டொனமூர் ஆணைக்குழு வந்தபோது பெண்கள் வாக்குரிமைச் சங்கம் அமைந்தது; மேரி அதில் முன்னணியில் இருந்தார். பொன்னம்பலம் இராமநாதன் போன்ற பெருந்தலைவரே பெண்களுக்கு வாக்குக் கொடுப்பதை எதிர்த்தார். 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்குக் கொடுக்கலாம் என்றது ஆணைக்குழு. கடைசியில் ஆண்களைப் போல 21 வயதிலேயே கிடைத்தது. மேரியின் பிறந்த நாட்டிலே, கியூபெக் மாகாணப் பெண்கள் தங்கள் சட்டசபைக்கு வாக்களிக்க 1940 வரை காத்திருந்தார்கள்.

1937இல் கொழும்பு மாநகர சபைக்குத் தெரிவான முதற் பெண் அவர். அதே சபைக்குப் பின்னாளில் ஆயிஷா ரவூப் வந்தார். கொழும்பு முஸ்லிம் மகளிர் கல்லூரியின் அதிபராயிருந்தவர், துணை மேயராகவும் ஆனார். அவர் கேரளத்திலிருந்து இங்கே மணமுடித்து வந்தவர். பிறந்த மண்ணை விட்டு வந்த இரண்டு மருமக்கள், எங்கட பெண்களுக்காக அந்தக் கதிரைகளில் உட்கார்ந்தார்கள். மண்ணின் மகள்மாரை உட்கார வைக்க எங்கட ஆண்கள் அவசரப்படவில்லை.

1958இல் மேரிக்கு மக்சேசே விருது கிடைத்தது. அப்போது வயது 85. நான்கு வருடங்களுக்குப் பிறகு, 1962இல் காலமானார்.