தவணையில் வந்த வேகம்

கார் வாங்குவோருக்குக் கடன் தருவதற்கென்றே ஜெனரல் மோட்டார்ஸ் 1919இல் ஒரு துணை நிறுவனத்தைத் தொடங்கியபோது, கடனை வெறுத்த ஹென்றி ஃபோர்டு அவ்வழியில் செல்ல மறுத்து, வாரம் 5 டாலர் வீதம் சேமித்து முழு விலையும் சேர்ந்த பின்னரே காரைப் பெறும் திட்டத்தை 1923இல் கொண்டுவந்தார். காத்திருக்க மனமில்லாத மக்களிடம் அது எடுபடவில்லை என்பதில் வியப்பில்லை. அதே ஃபோர்டு நிறுவனத்தின் பிலடெல்பியா விற்பனை அதிகாரி லீ ஐயகோக்கா, 1956இல், விலையில் ஐந்திலொரு பங்கை முன்பணமாக, அதாவது கைப்பணத்திலிருந்து முதலிலேயே கட்டும் தொகையாகச் செலுத்திவிட்டு, எஞ்சியதை மாதம் 56 டாலராக மூன்றாண்டுகளில் அடைக்கலாம் என அறிவித்தார். மொத்த விலை என்ன என்ற கேள்வி பின்னுக்குப் போய், மாதச் சம்பளம் தாங்குமா என்ற கேள்வி முன்னே வந்தது.

சம்பளம் தாங்கினாலும், ஸ்போர்ட்ஸ் கார் குடும்பத்துக்கும் பொருந்த வேண்டுமே. 1953இல் 3,498 டாலர் விலையில் 300 மட்டுமே தயாரான ஷெவர்லே கார்வெட் என்னும் ஸ்போர்ட்ஸ் கார், இரண்டே இருக்கைகள் கொண்டதாதலால் குடும்பஸ்தருக்கு ஒத்துவரவில்லை. ஐயகோக்காவின் மேற்பார்வையில், ஃபால்கன் என்னும் சிக்கனக் காரின் பாகங்களைக் கொண்டு உருவாகி, 1964 ஏப்ரல் 17 அன்று 2,368 டாலர் அடிப்படை விலையில் வெளிவந்த ஃபோர்டு மஸ்டாங்கோ, நீண்ட முகப்பும் குறுகிய பின்புறமும் கொண்டிருந்தும் நால்வருக்கு இடம் தந்தது. அடிப்படை வகையில் சாதாரண ஆறு சிலிண்டர் எஞ்சினே இருந்தமையால், மக்கள் வாங்கியது ஸ்போர்ட்ஸ் காரை அன்று, அதன் தோற்றத்தையே எனலாம். முதலாண்டிலேயே அது 4 லட்சத்துக்கும் மேல் விற்றது.