தண்ணீர் இறைத்த தத்துவஞானி

தத்துவம் என்ற சொல்லைக் கேட்டவுடனே, அது ஓய்வும் வசதியும் மிகுந்தவர்களுக்கு உரியது, பொழுது விடியுமுன் பெரட்டுக்குப் போகிறவர்களுக்கு அதனால் ஆவதென்ன என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. பண்டைக் கிரேக்கத்தில் தோன்றிய புகழ்மிக்க தத்துவப் பள்ளி ஒன்றின் அறிஞர்களுள் ஒருவர் கூலிக்குத் தண்ணீர் இறைத்தவர். மற்றொருவர் அடிமையாக வாழ்ந்தவர். அவர்களைப் பற்றி இன்று நாம் அறிந்துகொள்வோம்.

ஏறத்தாழ கி.மு. 300-ஆம் ஆண்டில், சைப்ரஸ் தீவைச் சேர்ந்த ஜீனோ என்பவர் ஏதென்ஸ் நகரில் இப்பள்ளியைத் தொடங்கினார். அவர் வணிகராக இருந்தவர் என்றும், கப்பல் உடைந்து சரக்கை இழந்த பிறகே தத்துவத்தின் பக்கம் திரும்பினார் என்றும் பழைய நூல்கள் கூறுகின்றன. அவர் பாடம் சொன்ன இடம், சந்தைத் திடலை ஒட்டியிருந்த ஒரு தூண் மண்டபம். நம் கோயில் மண்டபத்தைப் போல யாரும் வந்து உட்காரக்கூடிய பொது இடம் அது. கிரேக்க மொழியில் அத்தகைய மண்டபத்துக்கு ஸ்டோவா என்று பெயர். ஆகவே அவரைப் பின்பற்றியவர்கள் ஸ்டோயிக்குகள் எனப்பட்டனர்.

ஜீனோவிடம் வந்து சேர்ந்த மாணவர்களுள் ஒருவர் கிளியாந்தெஸ். ஏதென்ஸ் நகருக்கு அவர் வந்தபோது கையில் இருந்தவை நான்கே வெள்ளிக் காசுகள். இரவில் தோட்டங்களுக்குத் தண்ணீர் இறைத்தார். பகலில் பாடம் கேட்டார். வேலை எதுவும் செய்யாதவர்போலத் தெரியும் இவருக்குச் சாப்பாடு எங்கிருந்து வருகிறது என்று நீதிமன்றம் அவரை அழைத்து விசாரித்ததாம். அவர் தமக்கு வேலை கொடுத்த தோட்டக்காரரையும், மாவு விற்ற ஒரு பெண்ணையும் சாட்சிக்குக் கொண்டுவந்து நிறுத்தினார். நீதிபதிகள் வியந்து பணம் கொடுக்க முன்வந்தார்கள். ஜீனோ அதை வாங்கக் கூடாதென்று சொல்லிவிட்டார். ஏடு வாங்கக் காசில்லாமல் சிப்பி ஓடுகளிலும் மாட்டெலும்புகளிலும் பாடக் குறிப்பு எழுதிய இந்த மாணவரை, மந்த புத்திக்காரர், கழுதை என்று உடன் படித்தவர்கள் கேலி செய்தார்கள். அப்படியானால் ஆசிரியரின் சுமையைத் தூக்க என் ஒருவனால்தான் முடியும் என்ற பொருளில் அவர் பதில் சொன்னாராம். ஜீனோ மறைந்த பின் பள்ளியின் தலைமை அவருக்கே வந்தது. சுமார் 30 ஆண்டுகள் அதை நடத்தினார்.

ஏறக்குறைய மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின் ரோமாபுரியில் எபிக்டெட்டஸ் என்ற அடிமை இருந்தார். இன்றைய துருக்கி நாட்டில் பிறந்தவர், கால் ஊனமுற்றவர். அடிமையாக இருக்கும்போதே ஸ்டோயிக் ஆசிரியர் ஒருவரிடம் பாடம் கேட்டார். விடுதலை பெற்றபின் தாமே ஆசிரியரானார். அவருடைய போதனையின் அடிப்படை எளிமையானது. உலகில் சில நம் கையில் உள்ளவை, சில நம் கையில் இல்லாதவை. உடலும் பொருளும் பதவியும் பிறரால் பறிக்கப்படலாம். ஒன்றைச் சரி என்றோ தவறு என்றோ தீர்மானிக்கும் நம் மனத்தை மட்டும் எந்த எசமானனும் பறிக்க முடியாது. கி.பி. 161 முதல் 180 வரை ரோமப் பேரரசை ஆண்ட மார்க்கஸ் அரேலியஸ் இந்த அடிமையின் போதனைகளைப் படித்துத் தம் வாழ்வுக்கு வழிகாட்டியாகக் கொண்டார்.

அப்படியானால், வருவதை வாய்மூடிப் பொறுத்துக்கொள் என்பதுதானா இதன் பொருள்? சிலர் அவ்வாறு எண்ணுவதுண்டு. அடிமையும் மனிதனே என்று ஸ்டோயிக்குகள் சொன்னார்கள். ஆனால் அடிமை முறையை ஒழிக்க அவர்கள் இயக்கம் நடத்தவில்லை. அது அவர்களிடம் நாம் காணும் குறை. அந்தக் குறை நிரம்பிய ஓர் இடத்தை நம் சொந்த வரலாற்றிலேயே காணலாம்.

1941-ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கமும் ஆர். எச். நாதனும் அவர்களுக்கு வழிகாட்டினர். சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி, பிள்ளைகளுக்கு முறையான கல்வி, மருத்துவ வசதி, கள்ளுக்கடை மூடல் ஆகியவற்றோடு இன்னொன்றையும் கேட்டார்கள். துரையோ கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்றார்கள். நாதன் கைது செய்யப்பட்டு இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார், படையைக் கொண்டு போராட்டம் அடக்கப்பட்டது, உயிர்ப்பலியும் நேர்ந்தது.

சைக்கிளில் உட்கார்ந்தபடியே போவதால் கூலியில் ஒரு காசும் கூடாது. ஆயினும் அதை ஏன் கேட்டார்கள்? நாம் யாருக்கும் தாழ்ந்தவர் அல்லர் என்று அவர்களுடைய மனம் முன்னமே தீர்மானித்துவிட்டது. எபிக்டெட்டஸின் பெயரை அவர்கள் கேள்விப்பட்டிருக்க வேண்டியதில்லை. அவர் மனத்துக்குள் காத்துக்கொள்ளச் சொன்ன மானத்தை, இவர்கள் தோட்டத்துச் செம்மண் சாலையிலும் கேட்டார்கள்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் பல தோட்டங்கள் இன்று வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. அங்கு வாழ்ந்த குடும்பங்கள் பல பட்டணங்களுக்குப் பெயர்ந்துவிட்டன. இடம் மாறலாம், தொழில் மாறலாம். அவையெல்லாம் எப்போதும் நம் கையில் இருப்பதில்லை. வேலை முடிந்த இரவில் பிள்ளையோடு உட்கார்ந்து ஒரு பக்கம் படிப்பதும், இது நியாயமா என்று கேட்கப் பழக்குவதும் நம் கையில் இருக்கின்றன. அவற்றை நாம் விட்டுவிடலாகாது.