மாநாடும் லயத்து வாசலும்



1865-இல் பாரிஸ் நகரில் 20 நாடுகள் கூடிச் சர்வதேசத் தந்திச் சங்கத்தைத் தோற்றுவித்தன. அச்சங்கம் நெடுங்காலம் கருவிகளுக்கே விதி வகுத்தது. கருவி இல்லாதாரை எண்ணவில்லை. பின்னாளில் நம் அட்டனிலும் நுவரெலியாவிலும் தொலைபேசிக் கம்பி துரைமார் பங்களாவரை ஏறிற்று. லயத்து வாசலுக்கு இறங்கவில்லை. 1964 ஒப்பந்தத்தின்படி உற்றார் கடல்கடந்து பிரிந்தபோதும் அக்குடும்பங்களுக்குக் கடிதமே துணையாயிற்று.

1982-இல் நைரோபியில் கூடிய சங்க மாநாடு, மெயிட்லண்ட் என்பாரின் தலைமையில் ஒரு குழு அமைய வழிசெய்தது. ஆபிரிக்கக் கண்டம் முழுவதிலும் உள்ளவற்றினும் டோக்கியோ என்ற ஒரே நகரில் தொலைபேசிகள் மிகுதி என்று அக்குழு சுட்டிக்காட்டிற்று. அக்குரலும் துணைசெய்ய, 1992-இல் சங்கம் திருத்தியமைக்கப்பட்டு, வளர்ச்சிக்கெனத் தனிப் பிரிவு கண்டது. 1994-இல் புவனஸ் அயர்ஸில் முதல் உலகத் தொலைத்தொடர்பு வளர்ச்சி மாநாடு கூடிற்று.

ஆயினும், 2020-இல் பள்ளிகள் மூடப்பட்டபோது, கைப்பேசிக்கு அலை கிடைக்கும் இடந்தேடி மலையக மாணவர் பலர் மேடேறினர். நாட்டின் சராசரிக் கணக்கு அவர்களைக் காட்டாது. ஆகவே, மாநாட்டைச் சீர்திருத்த முனைவோர் தீர்மானங்களின் தொகையைக் குறைப்பதோடு நில்லாது, எண்ணும் முறையையும் மாற்றுதல் வேண்டும். நாட்டுக்கொரு கணக்குப் போல, லயத்துக்கும் ஒரு கணக்கு வேண்டும். எண்ணப்படாத வீட்டைத் தேடி எந்தக் கம்பியும் வருவதில்லை என்பதே இவ்வரலாறு புகட்டும் பாடம்.