நலங்கு மாவும் சோப்புக் கட்டியும்
இன்று திருவள்ளூர் மாவட்டமாக உள்ள பகுதி, 1997 வரை செங்கல்பட்டு மாவட்டத்தோடு இணைந்திருந்த காலத்திலேயே, அம்பத்தூரிலும் பின்னர் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையிலும் ஆலைகளைக் கண்டது. ஆயினும் அதன் வீடுகளில் பயற்றம்பருப்பு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, வெட்டிவேர் ஆகியவற்றை வெயிலில் உலர்த்தி அரைத்த நலங்கு மாவு உடனே மறைந்துவிடவில்லை. அந்த மாவில் எண்ணெய்ப்பிசுக்கை உறிஞ்சுவது பயறு. கிழங்கும் வேரும் பெரும்பாலும் மணத்துக்கே.

1969-இல் சென்னையில் ரயில்வே மருத்துவரான வி. பி. சித்தன், தொழிலாளரின் தோல் நோய்களுக்கென 18 மூலிகைகளையும் தேங்காய் எண்ணெயையும் கொண்டு உருவாக்கிய மெடிமிக்ஸ் சோப்பு, இத்தகைய மூலிகை மரபை ஆலைப் பொருளாக்கியது. எண்ணெயும் காஸ்டிக் சோடாவும் வினைபுரிகையில் சோப்போடு கிளிசரின் என்னும் ஈரம் காக்கும் திரவமும் உண்டாகிறது. பேராலைகள் அதைப் பிரித்து விற்க, கைமுறைச் சோப்பில் அது கட்டியிலேயே தங்கிவிடுகிறது. சோப்பிலுள்ள கொழுப்பமிலங்களின் மொத்த அளவே டி.எஃப்.எம். எனப்படுகிறது. இந்தியத் தர நிர்ணய அமைவனம் முதல் தரக் குளியல் சோப்புக்கு 76 விழுக்காட்டையும், ‘பாத்திங் பார்’ எனப்படும் கட்டிக்கு 40 விழுக்காட்டையும் குறைந்தபட்சமாக வகுத்தது. உறையின் முகப்பை நிறைக்கும் மூலிகைப் படங்களைவிட, பின்புறத்தில் பொடியெழுத்தில் ஒதுங்கிக் கிடக்கும் இந்த டி.எஃப்.எம். எண்ணே ஒப்பீட்டுக்கு உதவும்.