காவலூரில் நின்று ஒரு முக்கோணம்



முக்கோணங்களை விரிகோணம், குறுங்கோணம், அசமபக்கம் என்று வகைப்படுத்துவதனால் ஆவது என்ன? இக்கேள்வியை வகுப்பில் மாணவன் ஒருவன் என்னிடம் கேட்டான். "தேர்வுக்கு வேண்டும்" என்று அன்று விடை கூறினேன். அஃது ஓர் ஆசிரியன் கூறத்தக்க விடையன்று. உரிய விடையை ஜவ்வாது மலையிலிருந்து தொடங்கிக் கூற விழைகின்றேன்.

தமிழகத்தின் வானியல் வரலாற்றில் மூன்று இடங்கள் முறையே வருகின்றன. 1792-ல் சென்னை நுங்கம்பாக்கத்தில் வானாய்வுக்கூடம் எழுந்தது. 1899-ல் கோடைக்கானலில் அப்பணி தொடர்ந்தது. 1968-ல் ஜவ்வாது மலையின் காவலூரில் தொலைநோக்கி நிறுவப்பெற்றது. அதுவே இன்று வைணு பாப்பு வானாய்வுக்கூடம் என வழங்குகிறது. இம்மூன்றையும் இணைத்தால் எவ்வகை முக்கோணம் கிடைக்கும்?

காவலூரை ஆதிப்புள்ளியாகக் கொள்வோம். கிழக்கு நோக்கியது எக்ஸ் அச்சு. வடக்கு நோக்கியது ஒய் அச்சு. அட்சரேகை, தீர்க்கரேகை வேறுபாடுகளைக் கிலோமீட்டராக மாற்றினால், சென்னை ஏறத்தாழ (155, 54). கோடைக்கானல் (-148, -259). பூமி உருண்டையாயினும், இச்சிறு பரப்பைத் தளமெனக் கொள்வதால் நம் கணக்கிற்குப் பெரும்பிழை நேராது.

பக்கங்களின் வர்க்கங்களைக் காண்போம். காவலூர்–சென்னை 26,941, காவலூர்–கோடை 88,985, சென்னை–கோடை 1,89,778. மூன்றும் வேறுபடுவதால் இஃது அசமபக்க முக்கோணம். முதலிரண்டின் கூட்டுத்தொகை 1,15,926. அது மூன்றாவதினும் குறைவு. ஆகவே காவலூரில் உள்ளது விரிகோணம். அதன் அளவு ஏறத்தாழ 139 பாகை. சென்னையில் 27, கோடையில் 14.

இனி வரலாற்றிற்கு வருவோம். 1802 ஏப்ரல் 10-ஆம் நாள் வில்லியம் லாம்டன் பரங்கிமலை அருகே ஏறத்தாழ ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோட்டைச் சங்கிலியால் அளக்கத் தொடங்கினார். அதன் பின்னர்ப் பெரும்பாலும் கோணங்களையே அளந்து, சைன் விதியால் தூரங்களைக் கணித்து, முக்கோணத்தோடு முக்கோணமாக இணைத்துச் சென்றனர் நில அளவையாளர்.

நாம் வரைந்த முக்கோணத்தை அவர்கள் விரும்பியிருக்க மாட்டார்கள். ஏன்? 14 பாகைக் கோணத்தை 15 என்று தவறாக அளந்தால், அதன் சைன் மதிப்பு நூற்றுக்கு ஏழு பங்கு மாறுகிறது. அதனைக் கொண்டு காணும் தூரமும் ஏறத்தாழ அவ்வளவு பிழைபடும். 60-ஐ 61 என்று அளந்தாலோ, மாற்றம் நூற்றுக்கு ஒரு பங்கே. ஒரு முக்கோணத்தின் பிழை அடுத்ததற்கும் தொடரும். ஆதலின், இயன்றவரை சமபக்கத்தை ஒட்டிய முக்கோணங்கள் அமையும்படி மலையுச்சிகளையும் கோபுரங்களையும் தேர்ந்தனர்.

லாம்டன் 1823-ல் மறைந்தார், பணி நிற்கவில்லை. சென்னையில் தொடங்கிய அளவை இமயத்தை எட்டியது. எவரெஸ்டு சிகரத்தின் உயரம் 29,002 அடி என்று 1856-ல் அறிவிக்கப்பட்டது. 2020-ல் அறிவிக்கப்பட்ட உயரமோ 8,848.86 மீட்டர், அஃதாவது ஏறத்தாழ 29,032 அடி. வேற்றுமை முப்பது அடியே!

அன்று கேட்ட மாணவனுக்கு இப்பொழுது என் விடை இதுவே: தம்பி, முக்கோணத்தின் வகையை அறிந்தால், அதனை எவ்வளவு நம்பலாம் என்பதும் விளங்கும். உங்கள் ஊரையும் அண்டையிலுள்ள இரண்டு ஊர்களையும் நிலப்படத்தில் குறித்து, இக்கணக்கை நீங்களும் செய்து பாருங்கள்.