ஜெர்மானிய அயலுறவு அலுவலர் ஆடம் ஃபான் ட்ரோட்டும் நேதாஜியின் பெர்லின் காலமும்

முன்னுரை

மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை செல்லும் வழியிலுள்ள காரியாபட்டியிலும் திருச்சுழி வட்டாரத்து வானம் பார்த்த சிற்றூர்களிலும் ‘போஸ்’ என்பது வங்காளப் பெயராகக் கருதப்படுவதில்லை. பிள்ளைகளுக்கு இயல்பாக இடப்படும் பெயராகவே அது வழங்குகிறது. இதற்கு இரு காரணங்களைச் சுட்டலாம். ஒன்று, பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் வளர்த்த பார்வர்டு பிளாக் இயக்கம். 1962 தேர்தலில் அவர் வெற்றி பெற்றது அருப்புக்கோட்டை மக்களவைத் தொகுதியில்தான். மற்றொன்று, மலாயாவிலும் பர்மாவிலும் பிழைக்கச் சென்ற தமிழர்கள் இந்திய தேசிய இராணுவத்தில் கொண்ட பங்கு. ஆகவே இவ்வட்டார நினைவில் சிங்கப்பூரும் இம்பாலும் அழுத்தமாகப் பதிந்துள்ளன. பெர்லினோ, நேதாஜி ஹிட்லரைச் சந்தித்த ஒளிப்படமாகச் சுருங்கிவிட்டது. அப்படத்திற்கு அப்பால் நேதாஜியின் பணிகளுக்குப் பொறுப்பேற்றிருந்த ஜெர்மானிய அலுவலர் ஆடம் ஃபான் ட்ரோட் சு சோல்ஸ் என்பவரின் வாழ்வை இக்கட்டுரை ஆராய்கிறது.

இளமையும் கல்வியும்

ட்ரோட் 1909 ஆகஸ்ட் 9 அன்று போட்ஸ்டாமில் பிறந்தார். தந்தை பிரஷ்ய அரசின் கல்வி அமைச்சராக இருந்தவர். தாய்வழியில் அமெரிக்காவின் முதல் தலைமை நீதிபதி ஜான் ஜேயின் மரபினர். சட்டம் பயின்ற ட்ரோட், ஹெகலின் அரசியல் மெய்யியலும் பன்னாட்டுச் சட்டமும் குறித்து ஆய்வு செய்து முனைவர் பட்டம் பெற்றார். பின்னர் ரோட்ஸ் உதவித்தொகை பெற்று 1931 முதல் 1933 வரை ஆக்ஸ்போர்டு பேலியல் கல்லூரியில் பயின்றார். அங்கு அவருக்கு நண்பரானோருள் ஸ்டாஃபோர்டு கிரிப்ஸின் மகன் ஜானும் ஒருவர்.

1934இல் மான்செஸ்டர் கார்டியன் இதழுக்கு அவர் எழுதிய மடல் ஒன்று அவரது பெயருக்கு நீங்காத களங்கமாயிற்று. ஹெஸ்ஸ மாநில நீதிமன்றங்களில் யூதர்களுக்கு எதிரான பாகுபாடு இல்லை என்று அதில் வாதிட்டிருந்தார். நாஜிகளை வெறுத்த அவர் இவ்வாறு எழுதியது ஆங்கில நண்பர்கள் பலரின் நம்பிக்கையைக் குலைத்தது. பிற்காலத்தில் எதிர்ப்பியக்கத்தின் சார்பில் அவர் பேசியபோதும் இந்த ஐயம் தொடர்ந்தது.

இந்தியத் தனிப்பிரிவு

1940இல் ட்ரோட் ஜெர்மானிய அயலுறவு அமைச்சகத்தில் சேர்ந்தார். அவ்வாண்டிலேயே நாஜிக் கட்சியிலும் உறுப்பினரானார். 1941 ஜனவரியில் கல்கத்தாவிலிருந்து தப்பிய சுபாஷ் சந்திர போஸ், காபூல், மாஸ்கோ வழியாக ஏப்ரல் தொடக்கத்தில் பெர்லினை அடைந்தார். ஏப்ரல் 9 அன்று, நாடு கடந்த இந்திய அரசை ஏற்குமாறு ஜெர்மானிய அரசிடம் அறிக்கை அளித்தார். அவ்வரசு உடன்படவில்லை. இந்தியா வேறெந்த நாட்டின் ஆட்சியிலும் இருப்பதைவிட ஆங்கிலேயர் ஆட்சியில் இருப்பதே மேல் என ஹிட்லர் தம் நூலில் முன்பே எழுதியிருந்தார்.

எனினும், இந்திய விவகாரங்களுக்கென அமைச்சகத்தில் தனிப்பிரிவு ஒன்று அமைக்கப்பட்டு ட்ரோட்டின் பொறுப்பில் விடப்பட்டது. 1920களில் இந்தியத் தொழிலாளர் நிலையை நேரில் கண்டறிந்த தொழிற்சங்கவாதி பிரான்ஸ் யோசஃப் ஃபுர்ட்வெங்லர் அதில் பணியாற்றினார். 1941 நவம்பர் 2 அன்று சுதந்திர இந்திய மையம் பெர்லினில் செயற்படத் தொடங்கியது. அதன் வழியே வானொலி ஒலிபரப்பும், வட ஆப்பிரிக்காவில் சிறைப்பட்ட இந்திய வீரர்களைக் கொண்ட படைப்பிரிவும் உருவாயின.

இந்த மையம் நாஜிப் பரப்புரைக்கு உட்பட்ட கிளையாக மாறவில்லை. பணத்தைக் கடனாகவே ஏற்பதென்ற நேதாஜியின் உறுதி இதற்கு முதற் காரணம். தனிப்பிரிவு அலுவலர்கள் மையத்தின் தன்னாட்சியை மதித்தமை துணைக் காரணம். ஆகவே, பெர்லினில் இந்தியர்க்குக் கிடைத்த செயலுரிமையை ஹிட்லரின் நல்லெண்ணமாகக் கொள்வது பொருந்தாது. 1942 மே மாதச் சந்திப்பிலும் இந்திய விடுதலை குறித்த அறிவிப்பை ஹிட்லர் தரவில்லை.

மறைமுக எதிர்ப்பு

ட்ரோட்டுக்கு இப்பதவி பணியாகவும் மறைப்பாகவும் அமைந்தது. அலுவலகப் பயணங்களைப் பயன்படுத்திச் சுவிட்சர்லாந்து, சுவீடன் முதலிய நடுநிலை நாடுகளில் நேசநாட்டுத் தொடர்புகளை நாடினார். ஹெல்முத் ஃபான் மோல்ட்கேயின் கிரைசாவ் வட்டத்தில் அயலுறவுச் சிந்தனையாளராகவும் விளங்கினார். 1942 ஏப்ரலில் அவர் எழுதிய அறிக்கை, ஜெனீவாவிலிருந்து லண்டனுக்குக் கொண்டுசெல்லப்பட்டு ஸ்டாஃபோர்டு கிரிப்ஸிடம் சேர்ப்பிக்கப்பட்டது. கிரிப்ஸ் இந்தியத் தலைவர்களுடன் நடத்திய பேச்சு தோல்வியுற்று நாடு திரும்பியிருந்த காலம் அது. கிரிப்ஸ் திட்டத்தை வானொலியில் எதிர்த்த நேதாஜிக்குத் துணைநின்ற அலுவலரே, அதே கிரிப்ஸின் உதவியை ஹிட்லருக்கு எதிராக நாடினார். நேசநாடுகள் அவருக்கு எவ்வித உறுதியும் அளிக்கவில்லை.

1943 பிப்ரவரியில் நேதாஜி நீர்மூழ்கிக் கப்பலில் கீழ்த்திசைக்குப் புறப்பட்டார். மையத்தின் பொறுப்பை ஏற்ற ஏ.சி.என். நம்பியார், பின்னாளில் மேற்கு ஜெர்மனியில் இந்தியத் தூதராகப் பணியாற்றினார். 1944 ஜூலை 20 அன்று ஹிட்லரைக் கொல்லும் முயற்சி தோல்வியுற்றபின் ட்ரோட் கைதானார். ஆகஸ்ட் 15 அன்று மரண தண்டனை விதிக்கப்பட்டு, ஆகஸ்ட் 26 அன்று பெர்லினின் பிளோட்சன்ஸே சிறையில் தூக்கிலிடப்பட்டார். அப்போது அவருக்கு வயது 35. அதே மாதத்தில் பெர்லின் இந்தியப் படைப்பிரிவும் எஸ்.எஸ். அமைப்பின் கட்டுப்பாட்டிற்கு மாற்றப்பட்டது.

முடிவுரை

ட்ரோட்டைக் குற்றமற்ற வீரராகக் காட்டுவது வரலாற்றுக்கு ஒவ்வாது. அவர் கட்சி உறுப்பினராகவும் அவ்வரசின் ஊதியம் பெறும் அலுவலராகவும் இருந்தார். அவரை நாஜி அலுவலர் என்று மட்டும் ஒதுக்குவதும் அவ்வாறே. நேதாஜி பிரிட்டானியப் பேரரசை வீழ்த்த ஜெர்மானிய அரசைப் பயன்படுத்த முயன்றார். ட்ரோட் ஜெர்மானியக் கொடுங்கோன்மையை வீழ்த்த அவ்வரசின் பதவியையே பயன்படுத்தினார். இருவரும் தத்தம் பகையின் பகைவரிடம் கைநீட்டினர். இருவரும் எதிர்பார்த்த உறுதிமொழி கிட்டவில்லை. நேதாஜி பெர்லின் சென்றது குறித்து எழுப்பப்படும் அறக்கேள்வியை ட்ரோட்டின் வாழ்வோடு இணைத்து எண்ணும்போது, அதற்கு ஒற்றைச் சொல்லில் விடை கூற இயலாது என்பது புலனாகிறது. நேதாஜியின் பெயரைப் பிள்ளைகளுக்குச் சூட்டி வரும் வட்டாரத்தின் நினைவில், அவரது பெர்லின் காலமும் அதன் சிக்கலோடு இடம்பெற வேண்டும்.