உள்ளத்தின் பிணியும் பல்கியின் மருந்தும்

மாணவ நண்பர்களே, உடல் நலிவுற்றால் மருத்துவரை நாடுகிறோம்; உள்ளம் நலிவுற்றாலோ வெட்கி மறைக்கிறோம். மருத்துவர்கள் உடலை மட்டுமே கருதி உள்ளத்தை மறந்துவிட்டனர் என்று ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னரே குறை கூறிய அறிஞர் ஒருவரைப் பற்றி இன்று உங்களுக்குச் சொல்ல விழைகிறேன்.

அவர் அபூ ஸைத் அல்-பல்கி. இன்றைய ஆப்கானிஸ்தானத்தில் உள்ள பல்க் நகரை அடுத்த சிற்றூரில், ஏறக்குறைய 850-ஆம் ஆண்டில் பிறந்தார். தத்துவ மேதை அல்-கிந்தியின் மாணாக்கர் என்பர். பூகோள வல்லுநராகவும் புகழ்பெற்று 934-இல் மறைந்தார். உடல், ஆன்மா ஆகிய இரண்டன் நலம் குறித்து அவர் அரபு மொழியில் இயற்றிய நூலின் ஏட்டுப் பிரதி இஸ்தான்புல் நகரில் காக்கப்பட்டு வந்தது. 1984-இல் பிராங்க்பர்ட்டில் அதன் நிழற்படப் பதிப்பு வெளியாயிற்று.

உள்ளத்தின் பிணிகளை அவர் நான்காகப் பகுத்தார்: சினம், துயரம், அச்சம், ஓயாது அலைக்கழிக்கும் எண்ணங்கள். துயரத்தை மீண்டும் இருவகையாக்கினார். உற்றாரையோ பொருளையோ இழந்தவர் கொள்ளும் துயருக்குக் காரணம் விளங்கும்; தேறுதல் மொழியும் நற்சிந்தனையும் அதற்கு மருந்து. காரணம் விளங்காமல் கவிவது மற்றொன்று. அது குருதியின் மாறுபாட்டால் விளைவது என்றும், அதற்கு உடல் மருத்துவமும் வேண்டும் என்றும் எழுதினார். குருதி பற்றிய விளக்கம் அக்கால மருத்துவத்தைச் சார்ந்தது. இன்று அதனை ஏற்பதற்கில்லை. எனினும் அவர் கண்ட பாகுபாடு வியக்கத்தக்கது.

இல்லத்தில் மருந்தைச் சேமித்து வைப்பதுபோல, மனம் அமைதியாக உள்ளபோதே நல்லெண்ணங்களைச் சேமித்து வைக்கவேண்டும் என்பது அவருடைய அறிவுரை. எண்ணத்தைத் திருத்தி உணர்ச்சியைச் சீர்செய்யும் சிகிச்சையை 1960-களில் அமெரிக்க மருத்துவர் ஆரன் பெக் வகுத்தார். இரண்டிற்கும் உள்ள ஒப்புமையை நீங்களே உணரலாம்.

இஸ்லாமிய போதனையும் உணர்ச்சியை வேரோடு களையச் சொல்லவில்லை. சினம் மூண்டால் நிற்பவர் அமரவேண்டும், அப்போதும் தணியாவிடில் படுத்துக்கொள்ளவேண்டும் என்று நபிகள் நாயகம் அறிவுறுத்தினார். தம் மழலைச் செல்வன் இப்ராஹீம் மறைந்தபோது அவரும் கண்ணீர் உகுத்தார். வியந்து வினவியவரிடம், அக்கண்ணீர் இரக்கத்தின் அடையாளம் என்றார்.

ஆகவே, காரணம் விளங்காத சோர்வு உங்கள் தோழர் ஒருவரைப் பற்றுமாயின், அவரைக் கோழை என்றோ இறைநம்பிக்கை குன்றியவர் என்றோ இகழாதீர்கள். பரிவோடு கேளுங்கள், மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். உங்களுக்கே அது நேரினும் மறைக்காதீர்கள். பல்கியின் நூல் நமக்கு உணர்த்தும் பாடம் இதுவே என்பது என் துணிபு.